மலைச்சாரலும் மிதிவண்டி வழியும்

மிதிவண்டி சமமான தெருக்களிற் செல்லுதற்கென்றே செய்யப்பட்ட ஊர்தி என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். பால் விற்பவரும், பள்ளிப் பிள்ளைகளும், தொழிற்சாலைக்குச் செல்வோரும் அதனை மிதித்துச் செல்வதையே நாடோறும் காண்கின்றோம். ஆயின் அவ்வூர்தியையே மலைமேற் கொண்டுசென்று, ஆங்கிருந்து பாறைகளின் மேலும், மரவேர்களின் மேலும், தாமே கட்டிய மரப்பாலங்களின் மேலும் கீழ்நோக்கிச் செலுத்தி மகிழும் இளைஞர் பல்லாயிரவர் மேலைநாடுகளில் உளர். இவர்தம் விளையாட்டுக்குப் ‘பிரீரைட்’ என்று பெயர். அது நேரங் கணித்து ஓடும் பந்தயமன்று. வகுத்த சாலையில் இன்பமாய் உலாவுதலுமன்று. மலை வைத்த தடைகளையும் மனிதன் வைத்த தடைகளையும் தன் விருப்பப்படி தெரிந்தெடுத்துக் கடப்பதே அதன் இயல்பு. பனிச்சரிவிற் பலகைமேற் சறுக்குவோரிடமிருந்து இப்பெயரை மிதிவண்டியாளர் கடன்பெற்றனர். தமிழில் இதனைத் தன்விருப்பச் சவாரி எனலாம்.

இவ்விளையாட்டின் வீரத்தைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தன்விருப்பம் என்பது ஒருவனுக்குரியது. மலையோ பெரும்பாலும் பொதுமக்களுக்குரியது. ஒருவன் தன் விருப்பத்தை ஊரார் அனைவர்க்கும் உரிய நிலத்தில் நிகழ்த்த விரும்பினால், யாரிடம் உத்தரவு பெறல் வேண்டும்? எவ்வெவற்றை மெய்ப்பித்தல் வேண்டும்? உத்தரவு பெற்றபின் அவ்வழியை எங்ஙனம் காத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடையினை, அவ்விளையாட்டுப் பிறந்து வளர்ந்த இடத்தின் வரலாற்றைக்கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

கானடா நாட்டின் மேற்கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் மாகாணம் இருக்கின்றது. அதன் பெருநகராகிய வான்கூவருக்கு வடக்கே, ஒரு கடற்கழிக்கு அப்பால், சைப்பிரஸ், பிரோம், சீமோர் என்னும் மூன்று மலைகள் நிரையாய் நிற்கின்றன. இப்பகுதியை ஆங்குள்ளோர் ‘நார்த் ஷோர்’ என்பர். நாம் வடகரை என்போம். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடமாதலின், பெருந்தேவதாரு மரங்களும், பாசியும், பெரணியும் அடர்ந்து, நிலம் எந்நாளும் ஈரமாய் இருக்கும். முன்னாளில் மரம் வெட்டுவோர் அமைத்த பழைய தடங்களில் 1980-ஆம் ஆண்டுகளில் சிலர் மிதிவண்டி செலுத்தத் தொடங்கினர். சேற்றிற் சக்கரம் புதைந்தது. ஆளுயரத்துக்கு விழுந்துகிடந்த பெருமரங்கள் வழியை மறித்தன. ஆகவே அவர்கள் ஓர் உபாயங் கண்டனர். விழுந்து கிடந்த தேவதாரு மரத்தையே பிளந்து, இரண்டு நீண்ட மரங்களைக் கிடத்தி, அவற்றின்மேற் குறுக்குச் சட்டங்களை அறைந்து, படுக்கவைத்த ஏணிபோன்ற பாலங்களைச் செய்துகொண்டனர்.

தேவையாற் பிறந்த பாலம் நாளடைவில் விளையாட்டாயிற்று. சேற்றைக் கடக்கக் கட்டியது, பின்னர்ச் சேறில்லாத இடத்தும் கட்டப்பட்டது. அகலமாயிருந்தது ஒரு சாண் அளவாகக் குறுகிற்று. முழந்தாள் உயரம் இருந்தது ஆள் உயரத்துக்கும் மேலோங்கிற்று. ஒரு முனை தாழ மறுமுனை எழும் ஊஞ்சற்பலகைகளும் தோன்றின. டாட் பியாண்டர் என்பார் இத்தகைய வழிகளைத் தம் கையாற் சமைத்ததோடு, அவற்றிற் செல்வோரைப் படமும் பிடித்துப் பரப்பினார். படத்தைக் கண்ட பிற நாட்டு இளைஞரும் தத்தம் காடுகளில் அவ்வண்ணமே கட்டத் தலைப்பட்டனர். வடகரையிற் பயின்ற வேட் சிம்மன்ஸ் என்பார், 2001-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் யூட்டா இராஜ்யத்தில் முதன்முறை நடந்த ‘ராம்பேஜ்’ என்னும் பெரும் போட்டியில் வென்றமையால் அவ்வூரின் பெயர் மேலும் ஓங்கிற்று.

நிற்க. இவ்வழிகளுட் பெரும்பாலானவை யாருடைய உத்தரவுமின்றிக் கட்டப்பட்டவை. கட்டியவர் வழியின் தொடக்கத்தைப் புதரால் மறைத்துவைப்பதும் உண்டு. நிலமோ ஒருவர்க்குரியதன்று. பிரோம் மலையின் கீழ்ச்சாரல் நார்த் வான்கூவர் நகராண்மையைச் சார்ந்தது. சீமோர் மலையில் மாகாண அரசின் பூங்காவும், வட்டார நீர்நிலைக் காப்புநிலமும், மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனத்துக்குரிய நிலமும் அடுத்தடுத்து உள்ளன. சைப்பிரஸ் மலையின் கீழ்ப்பகுதியில் ஒரு தனிக் கம்பெனியின் நிலமும் உண்டு. ஒரே நாளிற் சவாரி செய்பவன் இத்துணைப் பேருடைய எல்லைகளையும் தன்னையறியாமலே கடந்துவிடுவான். அவன் விழுந்து எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? அவன் சக்கரம் பறித்த மண் ஓடையிற் கலந்து மீன்கள் மடிந்தால் யார் பொறுப்பு?

இந்நிலையில் நிலத்தைக் காக்கும் அதிகாரியின் இக்கட்டைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். கண்டதையெல்லாம் வாளால் அறுத்து வீழ்த்தினால், கட்டினவர் காட்டின் இன்னும் உட்புறத்தே சென்று, இன்னும் மறைவாக, இன்னும் விரைவாகக் கட்டுவர். அதனால் அபாயமும் அழிவும் மிகும். காணாததுபோல் இருந்துவிட்டால், ‘அறிந்தும் தடுத்திலீர்’ என்னும் குற்றம் தம்மேல் வரும். தடுத்தலும் தீது, விடுத்தலும் தீது என்ற இந்நெருக்கடியிலிருந்துதான் மூன்றாவது வழியொன்று பிறந்தது. கட்டுபவரையும் காப்பவரையும் ஒரே மேசையின் இருபுறத்தே அமரச் செய்வதே அவ்வழி. ஆனால், மேசைக்கு வரும் அதிகாரி ஆயிரம் பேரோடு தனித்தனியே பேச இயலாது. பொறுப்பேற்கும் ஒரு சங்கம் வேண்டும். 1997-ஆம் ஆண்டு ‘நார்த் ஷோர் மலை மிதிவண்டிச் சங்கம்’ தோன்றியதன் பயன் இதுவே. அதற்கு முன்னரே, 1989-இல், அருகிலுள்ள விஸ்லர் என்னும் மலையூரில் ஒரு சங்கமும், 1988-இல் அமெரிக்காவில் சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கமும் தோன்றியிருந்தன.

இனிச் சட்டத்தை நோக்குவாம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 94 பங்கு மாகாண அரசுக்குரியது. அந்நிலத்தில் உத்தரவின்றி எவரும் பாதை அமைத்தலோ, இருந்த பாதையைப் புதுப்பித்தலோ, பேணுதலோ கூடாதென்று, 2004-இல் நடைமுறைக்கு வந்த காடு மற்றும் மேய்ச்சல்நிலச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு விதிக்கின்றது. புதுப்பித்தலும் பேணுதலும் இதில் அடங்குதலை நோக்குக. நல்லெண்ணத்தோடு ஒருவன் மண்வெட்டி கொண்டு சென்று பழுதை நீக்கினாலும், உத்தரவின்றிச் செய்தால் அது குற்றமேயாம். உத்தரவு கேட்போரிடத்து அரசு நோக்குவன முக்கியமாய் மூன்று: பொதுமக்களுக்கு அபாயம் விளையுமா? இயற்கைக்குப் பொறுக்கவொண்ணாத கேடு நேருமா? அந்நிலத்தின் பிற பயன்களோடு பொறுக்கவொண்ணாத முரண்பாடு எழுமா? நகராண்மைக்குரிய நிலத்தில் அச்சபையே உத்தரவளிக்குமாயினும், ஆங்கும் கேட்கப்படுவன ஏறத்தாழ இவ்வினாக்களே. ஆதலின் இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது, அபாயம். அபாயமே இல்லாத தன்விருப்பச் சவாரி என்பது உப்பில்லாத கடலை ஒக்கும். ஆகவே அபாயத்தை ஒழித்தல் நோக்கமன்று; வருபவன் அதனை அறிந்து ஏற்கும்படி செய்தலே நோக்கம். இதற்குப் பனிச்சறுக்குச் சரிவுகளில் வழங்கும் குறிகளையே மிதிவண்டி வழிகளுக்கும் சர்வதேசச் சங்கத்தார் அமைத்தனர். வெண்வட்டம் மிக எளிது, பசும்வட்டம் எளிது, நீலச்சதுரம் நடுத்தரம், கருவைரம் கடினம், இரட்டைக் கருவைரம் மிகக் கடினம். அவர்தம் அளவின்படி பசும்வட்ட வழி 36 அங்குல அகலமும், நீலச்சதுர வழி 24 அங்குலமும், கருவைர வழி 12 அங்குலமும், இரட்டைக் கருவைர வழி 6 அங்குலமும் குறைந்த அளவாகப் பெறும். செயற்கைத் தடைகள் நீலவழியில் 2 அடி உயரத்துக்குள்ளும், கருவைர வழியில் 4 அடி உயரத்துக்குள்ளும் இருத்தல் வேண்டும். விஸ்லர் ஊராண்மையாரும் 2003-இல் தமக்கெனப் பாதை அளவுவிதிகளை வகுத்து வெளியிட்டனர். இத்தகைய எண்கள் எழுதப்படுமுன் ‘உயரம் மிகுதி’ என்று அதிகாரி கூறுவதும், ‘இல்லை’ என்று கட்டினவன் கூறுவதும் முடிவில்லா வழக்காயிருந்தன. எழுதப்பட்டபின், ஓர் அளவுகோல் வழக்கைத் தீர்த்தது.

குறிப்பலகை வைத்தால் மட்டும் போதாது. பலகையைப் படியாமற் செல்வாரும் உளர். ஆகவே நுணுக்கமான வேறொரு முறையைக் கையாளுகின்றனர். கடினமான வழியின் வாயிலிலேயே, அவ்வழியில் உள்ளவற்றுட் கடினமான தடையொன்றை, ஆனால் தரைக்கு மிக அருகே தாழ்வாக, வைத்துவிடுவர். அதனைக் கடக்கமாட்டாதவன் காயமின்றி ஆங்கே கால் ஊன்றித் தன் தகுதியை உணர்ந்து திரும்புவான். கடந்தவன் உள்ளே செல்வான். இது வாயிற்காவலன் இல்லாத வாயிற்காப்பு. இவ்வாறே உயர்ந்த பாலம் ஒவ்வொன்றன் பக்கத்தும் தரைவழி ஒன்று விடப்படும். விரும்பினவன் பாலத்தில் ஏறலாம், விரும்பாதவன் தரையிற் செல்லலாம். விழக்கூடிய இடங்களில் கூரிய கட்டைகளையும் கற்களையும் அகற்றித் தரையைத் துப்புரவு செய்தல் வேண்டும். மரம் மழையில் உளுத்துப்போம் பொருளாதலின், ஆணியும் சட்டமும் தாங்குமரமும் குறித்த காலந்தோறும் சோதிக்கப்பட்டு, சோதித்த நாளும் கண்ட பழுதும் செய்த செப்பமும் ஏட்டிற் பதியப்படல் வேண்டும்.

இவ்வேடு எதற்கு என்று சிலர் நகைப்பர். அதன் விடை சட்டத்தில் இருக்கின்றது. நிலத்தை ஆள்வோரின் பொறுப்பைப் பற்றிய மாகாணச் சட்டம் 1998-இல் திருத்தப்பட்டது. பொழுதுபோக்கிற்கென அமைந்த பாதையிற் கட்டணமின்றிச் செல்வோன், ஆங்குள்ள அபாயங்களைத் தானே விரும்பி ஏற்றவனாகக் கருதப்படுவான் என்பது அத்திருத்தத்தின் சாரம். எனவே நிலத்துக்குரியவர் எல்லா விழுக்காட்டிற்கும் ஈடு தரவேண்டியதில்லை. ஆயினும் அவர் வேண்டுமென்றே தீங்கு விளைத்தலும், பிறர் உயிரைச் சிறிதும் பொருட்படுத்தாது அசட்டையாயிருத்தலும் மன்னிக்கப்படமாட்டா. உளுத்த பாலத்தைப் பற்றி அறிந்தும் வாளாவிருந்தவன் இரண்டாவதிற் சிக்குவான். ஒழுங்காகச் சோதித்து எழுதிவைத்த ஏடோ, ‘யாம் அசட்டையாயிருந்திலேம்’ என்பதற்குச் சாட்சி கூறும். இத்திருத்தம் வந்தமையே நிலத்துக்குரியவர் அச்சந் தணிந்து வழிகளை ஏற்றுக்கொள்ளப் பெருந்துணையாயிற்று. அமெரிக்க இராஜ்யங்களிலும், கட்டணமின்றி நிலத்தைப் பொழுதுபோக்கிற்குத் திறந்துவிடுவோரைக் காக்கும் சட்டங்கள் உள்ளன.

இரண்டாவது, இயற்கைக்கு நேருங் கேடு. தமிழில் ‘ஆறு’ என்னுஞ் சொல் நீரோடும் நதியையும் மக்கள் செல்லும் வழியையும் ஒருங்கே குறிப்பது நாம் அறிந்ததே. மலைப்பாதை அமைப்போனுக்கு இச்சொல் ஓர் எச்சரிக்கை போலும்! செம்மையாக அமையாத வழி ஒரே மழைக்காலத்தில் நீரோடும் ஆறாகிவிடும். நீர் ஓடிய இடத்து மண் அரிக்கப்படும். மண் அரிக்கப்பட்ட இடத்துக் குழியும், குழியைத் தவிர்த்துப் பக்கத்தே செல்வோரால் இரண்டாம் தடமும் உண்டாம். வடகரை மலைகளினிடையே உள்ள கபிலானோ, சீமோர் நீர்த்தேக்கங்கள் வான்கூவர் வட்டாரத்து மக்களுக்குக் குடிநீர் தருவன. அத்தகைய மலைகளில் அரிப்பைப்பற்றி அசட்டையாயிருத்தல் எவர்க்கும் தகாது.

நீரை வெல்லும் விதிகள் சில உண்டு. மலைச்சரிவின் சாய்வில் பாதியளவுக்கு மேற் பாதையின் சாய்வு இருத்தலாகாது என்பது ஒன்று. 100 அடிக்கு 16 அடி சரியும் மலைப்பக்கத்தில் வழி 100 அடிக்கு 8 அடிக்கு மேற் சரியலாகாது. சரிந்தால் நீர் வழியைக் குறுக்கே கடந்து செல்லாமல் வழியோடே ஓடத் தொடங்கும். வழி முழுதையும் நோக்கச் சராசரிச் சாய்வு நூற்றுக்கு 10-க்கு உட்படுதல் நலம் என்பது மற்றொன்று. பாதையின் வெளிவிளிம்பை நூற்றுக்கு 5 அளவு தாழ்த்துதலும், இறங்கும் வழி இடையிடையே சிறிது ஏறும்படி அமைத்து, அவ்வளைவுகளில் நீர் வெளியேறச் செய்தலும் ஏனைய விதிகளாம். தன்விருப்பச் சவாரியின் செங்குத்தான வழிகள் இவ்விதிகளுள் முதலிரண்டையும் மீற விழைவன. மீறும் இடங்களில் மண்ணை அப்படியே விடாது கல் பாவுதல் வேண்டும். அல்லது பாறைமேல் வழியைக் கொண்டுசெல்லல் வேண்டும். சதுப்பிலே மரப்பாலம் இடல் வேண்டும். எந்தப் பாலம் அதிகாரிகளுக்கு அச்சம் விளைத்ததோ, அதே பாலம், தாழ்வாகவும் தக்க இடத்தும் அமைந்தால், மண்ணையும் வேரையும் காக்கும் கருவியாதல் வியப்பன்றோ?

மூன்றாவது, பிற பயன்களோடு முரண்படாமை. பொதுநிலத்தில் மிதிவண்டியாளர் மட்டும் இல்லை. காலால் நடப்போர், நாயோடு உலாவுவோர், பறவை நோக்குவோர், குதிரைமேற் செல்வோர், மரம் வெட்டும் உரிமை பெற்றோர் யாவரும் அதற்குரியரே. வளைவைச் சுற்றி விரைந்து வரும் வண்டி, முதியோர்க்கும் குழந்தைகட்கும் பேரச்சம் விளைக்கும். அவ்வச்சம் வெறுப்பாக முதிர்வதும் உண்டு. பிரோம் மலையிலே பாதைகளின் குறுக்கே மரக்கட்டைகளும் கற்களும் பலமுறை வைக்கப்பட்டு, 2015-ஆம் ஆண்டு ஒருவர் கைதுசெய்யப்பட்டதும், அவர்மேல் வழக்கு நடந்ததும் இதற்குச் சான்றாம். அச்செயல் எவ்வாற்றானும் சரியன்று. ஆயினும், அயலார் மனக்குறையைக் கேளாது விட்டால் அது எவ்விடத்துக்குச் சென்று முடியும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. இதனைத் தவிர்க்கவே, விரைவுடைய இறக்கவழிகளை ஒருதிசை வழிகளாக்கி நடப்போர்க்குரிய பாதைகளினின்றும் பிரித்துவைத்தலும், இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு முன்னர் வளைவோ மேடோ அமைத்து வண்டியின் வேகத்தைத் தணித்தலும் வழக்கமாயின.

அன்றியும், எல்லோர்க்கும் முந்திய உரிமையாளரை மறத்தலாகாது. வடகரை மலைகள் ஸ்குவாமிஷ், ஸ்லேல்வாட்டுத், மஸ்குவியம் என்னும் பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்ந்த நிலமாம். பழங்குடியினரின் உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவொன்றைச் செய்யுமுன் அரசு அவர்களைக் கலந்தே தீரவேண்டும் என்று, ஹைடா இனத்தார் தொடுத்த வழக்கில் 2004-ஆம் ஆண்டு கானடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பாதை ஒன்றற்கான விண்ணப்பமும் அவர்களிடத்துச் செல்லும். அவர்தம் முன்னோர் பட்டையுரித்த பழந்தேவதாருவோ, புனிதமென்று போற்றும் ஊற்றோ வரைபடத்திற் காணப்படாது. அதனை அறிந்தவர் சொல்லத்தான் கேட்டறிதல் வேண்டும். உத்தரவின்றிக் கட்டப்பட்ட வழியின் மிகப்பெரிய குறை, யாதொரு பாலமும் உயரமாயிருந்ததன்று. எவரையும் கேளாமற் கட்டப்பட்டதே.

இனி, உத்தரவு பெறும் முறையைத் தொகுத்துரைப்பாம். முதலில், நிலம் யாருடையது என்பதை ஐயமற அறிதல் வேண்டும். எல்லை கடக்கும் வழியாயின் ஒவ்வோர் உடையவரையும் தனித்தனியே அணுகல் வேண்டும். அடுத்து, பதிவுபெற்ற சங்கத்தின் பெயரால் விண்ணப்பித்தல் வேண்டும். விண்ணப்பத்தோடு பாதையின் வரைபடம், நீளம், சாய்வு, கடினத்தின் தரம், கட்டப்படும் தடை ஒவ்வொன்றன் அளவு, கட்டும் முறை, பின்னர்ப் பேணப்போகின்றவர் யார் என்பன இணைக்கப்படும். அதிகாரி அதனைப் பிற இலாகாக்களுக்கும், பழங்குடியினர்க்கும், அந்நிலத்தில் வேறு உரிமை பெற்றோர்க்கும் அனுப்பிக் கருத்துக் கேட்பர். பின்னர் நிலத்தில் நேரே நடந்து பார்த்து, ஓடைக்கரையிலும் பறவைகள் கூடுகட்டும் இடத்திலும் வழியை மாற்றும்படி சொல்வர். இசைவு ஏற்பட்டபின் அரசும் சங்கமும் ஓர் உடன்படிக்கை எழுதி, இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு, சோதனை யார் பொறுப்பு என்று வரையறுப்பர். அதன்பின்னரே மண்வெட்டி மண்ணைத் தொடலாம். இஃது ஒரு வாரத்தில் முடிவதன்று. பொறுமையற்றோர் பலர் இவ்விடத்தே சோர்ந்து, மீண்டும் மறைவாய்க் கட்டப் புறப்படுவர். மறைவாய்க் கட்டிய ஒரு வழி, வெளிப்படையாய்க் கேட்கும் பத்து விண்ணப்பங்களின் மதிப்பைக் குறைக்கும் என்பதை அவர் நினைப்பதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் முறை இதனோடு ஒப்பதே. ஆங்கு மத்திய அரசின் காட்டிலாகாவோ நிலமேலாண்மை இலாகாவோ ஒரு பாதைக்கு இசையுமுன், 1970-இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழற் கொள்கைச் சட்டத்தின்படி விளைவுகளை ஆராய்தல் வேண்டும். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கன்னிக்காடு என்று வகுக்கப்பட்ட இடங்களிலோ மிதிவண்டி செல்லவே இயலாது. சில ஊராட்சிகள் வேறொரு நல்வழியையும் கண்டன. வாஷிங்டன் இராஜ்யத்தின் கிங் கவுண்டியார், டத்தி ஹில் என்னும் 120 ஏக்கர் பூங்காவை மலை மிதிவண்டிக்கென்றே ஒதுக்கி, அவ்விராஜ்யத்து மிதிவண்டிச் சங்கத்தாரின் உழைப்பைத் துணைக்கொண்டு 2010-இல் திறந்தனர். பழகுவோர்க்குரிய எளிய வழியும் தேர்ந்தோர்க்குரிய தாண்டுமேடும் ஆங்கு ஒரே இடத்தில் உள. தக்க இடம் ஒன்று கொடுத்தால், தகாத இடங்களில் தோண்டுவதற்குரிய காரணம் குறைந்துவிடும் என்பதே இதன் கருத்து.

உத்தரவு பெறுதல் திருமணத்தை ஒக்கும். அதன்பின் வருவதே இல்லறம். வழியை நாள்தோறும் காத்தலில்தான் சங்கத்தின் மெய்ம்மை விளங்கும். வடகரைச் சங்கத்தார் ‘பாதையைத் தத்தெடுக்குந் திட்டம்’ ஒன்றை நடத்துகின்றனர். வணிகரோ பிறரோ ஒரு பாதையைத் தத்தெடுத்துப் பொருளுதவுவர். பயிற்சிபெற்ற தலைவர் ஒருவரின்கீழ்த் தொண்டர்கள் குறித்த நாட்களிற் கூடி, வடிகாலைத் தோண்டி, கல் பாவி, உளுத்த சட்டத்தை மாற்றுவர். முன்னாளில் இரவிலும் மறைவிலும் வேலைசெய்த கைகளே இன்று பகலில், நகராண்மையின் இசைவோடு, அதே மலையில் வேலைசெய்கின்றன. அவர்களைக் குற்றவாளிகளென்று துரத்தியிருந்தால், மரமும் மண்ணும் மழையும் அறிந்த அவ்வறிவு முழுதும் பொதுமக்களுக்குப் பயன்படாது போயிருக்கும்.

இவ்விடத்தே ஒரு மறுப்பைக் கேட்டே ஆகவேண்டும். ‘விதி புகுந்தவிடத்து விளையாட்டு மாண்டது, குறுகிய பாலங்கள் அகலமாயின, உயர்ந்தவை வீழ்த்தப்பட்டன, இனி இதனைத் தன்விருப்பம் என்று சொல்வதெங்ஙனம்?’ என்பர் பழைய சவாரிக்காரர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. பழைய பாலங்கள் பல அகற்றப்பட்டன. அவற்றோடு கட்டினவரின் கைவண்ணமும் மறைந்தது. இழந்ததை இழப்பென்றே ஒப்புக்கொள்வோம். ஆயினும், யாப்பு விதிக்குட்பட்டமையாற் செய்யுள் உயிரிழந்ததில்லை என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். அடியும் சீரும் அளவுபட்டிருந்தும் புலவனின் விருப்பம் அவற்றுள் ஓடித்தான் வருகின்றது. அதுபோல 24 அங்குலத்திலும் 12 அங்குலத்திலும் ஆற்றல் காட்ட இடமுண்டு. மறைவிற் கட்டிய வழியில் ஒருவன் எத்துணை வீரம் காட்டினாலும், நாளை அது இருக்குமோ என்ற ஐயம் அவனைவிட்டு நீங்காது. உத்தரவு பெற்ற வழியையோ அவன் தன் பிள்ளைக்கும் காட்டலாம்.

நம் நாட்டில் இவ்விளையாட்டு இன்னும் பலர் அறியாததே. எனினும், இதிற் கிடைக்கும் பாடம் மிதிவண்டியோடு நிற்பதன்று. ஏரிக்கரை, ஆற்றுப்புறம்போக்கு, கடற்கரை, ஊர்ப் பொதுத்திடல் ஆகிய இவற்றை நாம் பயன்படுத்தும்போது, ‘எல்லோர்க்கும் உரியது, ஆகவே எனக்கும் உரியது’ என்று கூறுவதில் விரைவோம். ‘எல்லோர்க்கும் உரியது, ஆகவே எல்லோரையும் கேட்டல் வேண்டும்’ என்பதை மறந்துவிடுவோம். வேதாகமத்திற் கூறப்படும் உக்கிராணக்காரன், தன் கையிலிருப்பது தன் பொருளன்று என்பதை அறிந்தே அதனைச் செலவிடவும் காக்கவும் கடமைப்பட்டவன். ஒருநாள் கணக்கும் ஒப்புவித்தல் வேண்டும். வடகரையின் தொண்டர், மழையில் நனைந்த ஏட்டிலே, ‘மூன்றாம் பாலம், இடப்பக்கத்துச் சட்டம் தளர்ந்தது, மாற்றப்பட்டது’ என்று எழுதும்போது ஒப்புவிக்குங் கணக்கும் அதுவே. இளமையின் துணிவும் பொதுநிலத்தின் நலமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவை இரண்டும் ஒரே வழியில் இடறாமற் செல்லக் கூடும். வழியை அமைக்குமுன் கேட்டலும், அமைத்தபின் காத்தலும் வேண்டும், அவ்வளவே.